வெள்ளவத்தை மூன்றாம் மாடி: ஒரு அலைவரிசையில் நிழல், இன்னொன்றில் புள்ளி. அன்ரெனாவை என்ன செய்வது?

மூன்றாம்மாடி:
எல்லோருக்கும் வணக்கம். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கையில், ஐந்து மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். சட்டலைட் பெட்டிக்கு மாதாமாதம் காசு கட்டி அப்பாவுக்கு அலுத்துவிட்டது. அவரும் அம்மாவும் பார்ப்பது நேத்ரா, வசந்தம், சக்தி, கிரிக்கெட் இருந்தால் ரூபவாஹினி, அவ்வளவுதான். பெட்டியை நிறுத்திவிட்டு யன்னலோரத்தில் ஒரு சின்ன உள் அன்ரெனா வைத்திருக்கிறோம். 32 அங்குல ரீவி.

ஒரு அலைவரிசையில் செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் அவருடைய நிழல் இன்னொரு தரம் தெரிகிறது. எழுத்துகளும் இரட்டையாக ஓடுகின்றன. இன்னொரு அலைவரிசையில் நிழல் இல்லை, ஆனால் முழுக்கப் புள்ளி. கடையில் “டிஜிற்றல் 4கே அன்ரெனா” என்று ஒன்றைக் காட்டினார்கள். வாங்கலாமா? மொட்டைமாடியில் பழைய அன்ரெனா ஒன்றும் குழாயோடு நிற்கிறது, அதன் வயர் எங்கள் அறை வரை வருகிறது. யாருடையது என்று கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஜிந்துப்பிட்டிக்காரன்:
பூஸ்டர் ஒன்று போடுங்கள். வேலை முடிந்தது.

முதலாம்குறுக்கு:
புறக்கோட்டையில் பூஸ்டர் விற்கிறவனே சொல்கிறேன், அவசரப்பட்டு வாங்க வேண்டாம். நிழல் விழுகிற இடத்தில் பூஸ்டர் போட்டால், அது அலையோடு நிழலையும் சேர்த்துப் பெருக்கும்.

4கே அன்ரெனா விஷயம்: அன்ரெனாவுக்கு 4கே, எச்டி என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. அது காற்றில் வரும் அலையைப் பிடிக்கும் உலோகம். எந்த அதிர்வெண்ணுக்கு வெட்டியிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பெட்டியில் அச்சடித்திருப்பது பெட்டிக்கு அழகு. அதற்கு மேல், நாங்கள் இங்கே வீட்டு அன்ரெனாவில் பிடிப்பது இன்னும் அந்தக் காலத்து அனலொக் ஒளிபரப்புத்தான். புது ரீவியில் “டிஜிற்றல் தேடல்” கொடுத்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அன்ரெனா என்று தெரிவு செய்து, அனலொக் தேடல் கொடுக்க வேண்டும்.

பழையதிருத்துநர்:
பிள்ளை, உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு வேறு நோய். ஒரே மருந்து கொடுத்தால் இரண்டும் மாறாது.

புள்ளி என்றால் அலை பலவீனம். நிழல் என்றால் அலை இரண்டு வழியால் வருகிறது: ஒன்று ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து நேரே, மற்றது ஏதோ ஒரு கட்டடத்தில் பட்டுத் திரும்பி. திரும்பி வருவது கூடத் தூரம் ஓடுவதால் கொஞ்சம் பிந்தி வரும். ரீவி இடமிருந்து வலமாக வரைவதால் பிந்தியது வலப்பக்கத்தில் விழும். நிழல் இடப்பக்கத்தில் விழுந்தால் கதை வேறு. நேர் அலை வயரிலோ ரீவிக்குள்ளோ நேரடியாகப் புகுந்துவிடுகிறது, அன்ரெனா தருவது அதற்குப் பிந்தி வந்து சேருகிறது என்று அர்த்தம்.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். நிழல் எந்தப் பக்கம், எத்தனை சென்ரிமீற்றர் தள்ளி? ஒரு அடிமட்டத்தைத் திரையில் வைத்து அளக்கலாம். மற்றது, ரீவி மெனுவில் அந்தப் புள்ளி அலைவரிசைக்கு என்ன இலக்கம் காட்டுகிறது? 5 முதல் 12 வரையா, 21க்கு மேலா?

மூன்றாம்மாடி:
வலப்பக்கம்தான் ஐயா. அடிமட்டம் வைத்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட 2 செ.மீ. அம்மா ஏன் ரீவியை அளக்கிறாய் என்று கேட்கிறா. புள்ளி வருவது 12க்குக் கீழே. நிழல் வருவது 21க்கு மேலே.

பழையதிருத்துநர்:
அப்படியானால் கணக்குப் போடலாம். எங்கள் அனலொக் ஒளிபரப்பு முறையில், அதாவது பால் பி/ஜி-யில் (PAL B/G), ஒரு வரியின் படம் திரையின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக 52 மைக்ரோ செக்கன். ஒரு மைக்ரோ செக்கனில் அலை 300 மீற்றர் ஓடும். ஆக, திரையின் முழு அகலம் 15.6 கிலோமீற்றருக்குச் சமம். 32 அங்குல ரீவியின் அகலம் ஏறக்குறைய 71 செ.மீ. ஒரு செ.மீ. நிழல் என்றால் 220 மீற்றர் சுற்று. உங்களுக்கு 2 செ.மீ., எனவே 440 மீற்றர் கூடுதலாக ஓடி வருகிறது. படம் முழுத் திரைக்கும் இழுபட்டிருந்தால்தான் இந்தக் கணக்கு. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் படத்தின் அகலத்தை மட்டும் எடுக்க வேண்டும்.

அலை உங்களைத் தாண்டிப் போய், பின்னால் உள்ள கட்டடத்தில் பட்டு, திரும்பி வந்தால் போகவும் வரவும் இரண்டு தரம். அப்படிப் பார்த்தால் அந்தக் கட்டடம் உங்களுக்குப் பின்னால் 220 மீற்றர் அளவில் நிற்க வேண்டும். கோபுரங்கள் உங்களுக்குத் தரைப் பக்கமாக இருந்தால், முதுகுப் பக்கம் கடல். யன்னலால் பாருங்கள், மரைன் டிரைவ் பக்கம் உயரமாக என்ன நிற்கிறது?

மூன்றாம்மாடி:
கடலைப் பார்த்தபடி ஒரு புதுத் தொடர்மாடி நிற்கிறது ஐயா. முழுக்கக் கண்ணாடி. எங்கள் யன்னலும் அந்தப் பக்கம்தான், அன்ரெனாவும் அந்த யன்னலில்தான்.

பழையதிருத்துநர்:
பிறகென்ன. நேரே வரும் அலைக்கு முன்னால் உங்கள் வீட்டுக் கொங்கிரீற்றுச் சுவர் முழுதும் நிற்கிறது, திரும்பி வரும் அலைக்கோ திறந்த யன்னல். அந்த அன்ரெனா இருக்க வேண்டிய இடத்துக்கு நேரெதிர் இடத்தில் இருக்கிறது.

புள்ளிக்குக் காரணம் இன்னும் சுலபம். 5 முதல் 12 வரை விஎச்எப் (VHF), தாழ்ந்த அதிர்வெண். 5ஆம் இலக்கம் 174 மெகாஹேட்ஸில் தொடங்குகிறது. நன்றாகப் பிடிக்க அன்ரெனாக் கம்பி அரை அலை நீளம் அளவில் இருக்க வேண்டும், இதற்கு அது 80 செ.மீ.க்கு மேல். 21க்கு மேலே யூஎச்எப் (UHF), உயர்ந்த அதிர்வெண், அங்கே 600 மெகாஹேட்ஸுக்கு அரை அலை 25 செ.மீ. தான். கையளவு தட்டையான உள் அன்ரெனா யூஎச்எப்பை ஒருவாறு பிடிக்கும். விஎச்எப்பில் அது வெறும் ஆணி.

மொட்டைமாடி அன்ரெனாவின் படம் ஒன்று போடுங்கள். நீளக் கம்பிகள் எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும். அதன் வயரையும் ரீவியில் செருகும் பக்கத்தில் கொஞ்சம் வெட்டி உள்ளே பாருங்கள்.

ஜிந்துப்பிட்டிக்காரன்:
ஐயா, மரியாதையாகக் கேட்கிறேன். பூஸ்டர் சரிவராது என்றால் எங்கள் வீட்டில் எப்படிச் சரிவந்தது? கொட்டாஞ்சேனைப் பக்கம், நான்கு வீட்டுக்கு ஒரு அன்ரெனா. பூஸ்டர் போட முதல் கீழ் வீட்டில் ஒன்றும் இல்லை. போட்ட பிறகு கண்ணாடி மாதிரிப் படம்.

பழையதிருத்துநர்:
தம்பி, உங்கள் வீட்டில் பூஸ்டர் செய்தது சரியான வேலை. நான்கு வழிப் பிரிப்பான் ஒவ்வொரு கிளையிலும் 7 டெசிபெல் அளவில் தின்றுவிடும், ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். அதோடு ஆர்ஜி-6 என்ற அன்ரெனா வயர் யூஎச்எப்பில் 30 மீற்றருக்கு இன்னொரு 5, 6 டெசிபெல். பாதிக்கு மேல் அங்கேயும் போய்விட்டது. அன்ரெனாவில் நல்ல அலை இருந்தது, வழியில்தான் தொலைந்தது. தொலைவதற்கு முன்னால் பெருக்கினீர்கள். எங்கே பூட்டினீர்கள், மேலேயா ரீவிக்குப் பக்கத்திலா?

ஜிந்துப்பிட்டிக்காரன்:
மேலே, குழாயில். கரண்ட் கொடுக்கும் சின்னப் பெட்டி மட்டும் கீழே.

பழையதிருத்துநர்:
அதுதான் விஷயம். அதையே ரீவிக்குப் பின்னால் வைத்திருந்தால், வயரில் நலிந்து இரைச்சலோடு கலந்து வந்ததை இரைச்சலோடேயே பெருக்கியிருக்கும். வெள்ளவத்தைப் பிள்ளைக்கு மூன்றாம் மாடியிலிருந்து மொட்டைமாடிக்கு இருபது மீற்றரும் வராது, ஒரே ஒரு ரீவி. முதலில் பூஸ்டர் இல்லாமல் பார்க்கட்டும்.

முதலாம்குறுக்கு:
இன்னொன்று. கொழும்புக்குள் பண்பலை வானொலி அலைகள் மிகப் பலம். 88 முதல் 108 மெகாஹேட்ஸ் வரை. அதை இரண்டால் பெருக்கிப் பாருங்கள்: 176 முதல் 216. அப்படியே விஎச்எப் ரீவிக்கு நடுவில் வந்து விழும். மலிவுப் பூஸ்டருக்குள் இந்த வானொலி அலை புகுந்து திணறினால் படத்தில் சாய்கோடு ஓடும். ஆள் பூஸ்டரைக் கூட்டிக் கூட்டித் திருப்புவார், கோடும் கூடும். பண்பலையைத் தடுக்கும் சுவிட்ச் உள்ள பூஸ்டர் கிடைக்கிறது, வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு இலாபம் கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் உண்மை அதுதான்.

வத்தளைவாசி:
நடுவில் ஒரு சந்தேகம். லண்டனிலிருந்து அக்கா கொண்டுவந்த ரீவியில் படம் வருகிறது, சத்தம் இல்லை, இரைச்சல் மட்டும். இதுவும் அன்ரெனாப் பிரச்சினையா?

பழையதிருத்துநர்:
இல்லை. அங்கே சத்தம் படத்திலிருந்து 6 மெகாஹேட்ஸ் தள்ளி, இங்கே 5.5. மெனுவில் சத்த முறை “ஐ” என்று இருக்கும், அதை “பி/ஜி” ஆக்குங்கள்.

வத்தளைவாசி:
வந்துவிட்டது! அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

தெஹிவளைத்தென்றல்:
எனக்கு ஒன்று புரியவில்லை. டிஜிற்றல் வரப்போகிறது, வரப்போகிறது என்று எத்தனை வருடமாகக் கேட்கிறோம். ஜப்பான் முறை என்று 2014இல் தீர்மானித்தார்கள். தாமரைக் கோபுரத்தை 350 மீற்றருக்குக் கட்டி, 2022இல் மக்களுக்குத் திறந்து, ஏறிப் பார்க்க டிக்கெட்டும் விற்கிறார்கள். இப்போது போய்ப் பழைய அன்ரெனாவுக்குச் செலவழிப்பது புத்தியா?

முதலாம்குறுக்கு:
புத்திதான். டிஜிற்றல் எந்த முறையில் வந்தாலும் அதே விஎச்எப், யூஎச்எப் அலையில்தான் வரும். கூரை அன்ரெனாவும் நல்ல வயரும் அப்போதும் உதவும். மாற வேண்டியது ரீவிக்குள் இருந்து அலைவரிசையைப் பிரித்தெடுக்கும் டியூனர், இல்லையென்றால் தனிப் பெட்டி. இந்தியாவில் தூரதர்ஷன் எடுத்தது ஐரோப்பிய முறை, டிவிபி-டி2. ஜப்பான் முறை ஐஎஸ்டிபி-டி. ஒன்றுக்குள்ள டியூனர் மற்றதைப் பிடிக்காது. அதனால் “டிஜிற்றல் டியூனர் உண்டு” என்பதற்காக மட்டும் இப்போது கூடக் காசு கொடுத்து ரீவி வாங்க வேண்டாம்.

ஜிந்துப்பிட்டிக்காரன்:
டிஜிற்றலில் நிழலே வராதாமே?

பழையதிருத்துநர்:
நிழல் வராது. புள்ளியும் வராது. ஒரு அளவு வரைக்கும் முழுப் படம், அதற்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து ஒன்றுமே இல்லை. அனலொக் பாவம், கடைசி மூச்சு வரைக்கும் ஏதோ காட்டும். எண்பதுகளில் தென் தமிழ்நாட்டில் ரூபவாஹினி பார்த்தார்களே, அது அந்தக் குணத்தால்தான். 2524 மீற்றர் பீதுருதாலகால உச்சியிலிருந்து கடல் தாண்டிப் போன அலை. இங்கே கொழும்பிலிருந்து அந்த மலை நேர் கிழக்கே, நூறு கிலோமீற்றர் அளவில்.

சரி, மொட்டைமாடிக்கு வாருங்கள். பிள்ளை, படம் எங்கே?

மூன்றாம்மாடி:
படம் போட்டிருக்கிறேன் ஐயா. நீளக் கம்பிகள் அப்பாவின் கைத்தடி அளவு, முன்னால் குட்டிக் கம்பிகள் நிறைய. வயரை ரீவியில் செருகும் பக்கத்தில் கொஞ்சம் வெட்டிப் பார்க்கச் சொன்ன மாதிரி வெட்டினேன். வெளித்தோலை உரித்தால் உள்ளே பின்னல் கம்பி கறுத்துப்போய், அங்கங்கே பச்சைத் தூள். விரலால் தொட்டால் உதிர்கிறது. இன்னும் ஒரு சாண் வெட்டினேன், அதே பச்சை. நுனியைக் கீழே பிடித்தபோது ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது! மூன்றாம் மாடி அறைக்குள், வயருக்குள்ளிருந்து.

பழையதிருத்துநர்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். வெள்ளவத்தைக்கு உப்புக் காற்று. மேலே அன்ரெனாவில் வயர் சேரும் இடத்தில் சரியாக மூடவில்லை. மழைத்தண்ணீர் பின்னல் கம்பி வழியே குழாய்க்குள் ஓடுவதுபோல் இறங்கி உங்கள் அறை வரைக்கும் வந்திருக்கிறது. அந்த வயர் முழுதும் குப்பை. வெட்டி ஒட்டிப் பார்க்க வேண்டாம்.

அன்ரெனா நல்லது. நீளக் கம்பி விஎச்எப்புக்கு, குட்டிக் கம்பி யூஎச்எப்புக்கு. அலுமினியம் உப்பில் வெள்ளையாகப் பூத்தாலும் பரவாயில்லை, உடையாமல் இருந்தால் போதும். வயர் சேரும் சின்னப் பிளாஸ்ரிக் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே பலூன் என்று ஒரு சுருள் இருக்கும், அன்ரெனாவின் 300 ஓமை வயரின் 75 ஓமுக்குப் பொருத்துவது. அதன் கால்கள் துருவில் அறுந்திருந்தால் அன்ரெனா செத்தது போலத்தான் இருக்கும். இங்கே எழுதும் புறக்கோட்டைக் கடை நானாவிடம் பலூன் தனியாகக் கிடைக்கும், முழு அன்ரெனா வாங்கத் தேவையில்லை.

புது வயர் ஆர்ஜி-6. மேலே அன்ரெனாவில் திருகும் எப் (F) இணைப்பியின் மேல் இழுபடும் இறப்பர் நாடாவைச் சுற்றி, அதற்கு மேல் சாதாரண நாடா. இணைப்புக்குக் கீழே வயரை ஒரு வளையமாகத் தொங்கவிட்டு அப்புறம் குழாயோடு கட்டுங்கள். தண்ணீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், இணைப்புக்கு ஏறாது. வீட்டுக்குள் நுழையும் இடத்திலும் அதே வளையம்.

தெஹிவளைத்தென்றல்:
குழாயைத் தொட முதல் இரண்டு விஷயம். மொட்டைமாடி பொது இடம், முகாமைத்துவக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். பிறகு அன்ரெனாவின் சொந்தக்காரர் திடீரென்று முளைப்பார். மற்றது, குழாய் சாய்ந்தால் எங்கே விழும் என்று பாருங்கள். பக்கத்தில் மின்கம்பி இருந்தால் நீங்கள் ஏற வேண்டாம், அன்ரெனா பூட்டும் பாஸைக் கூப்பிடுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பின்னேர இடி இங்கே பொல்லாதது. குழாயைத் தடித்த செப்புக் கம்பியால் நிலத்துக்கு இறக்க வேண்டும். அது இருந்தாலும் வானம் இருட்டினால் ரீவியிலிருந்து வயரைக் கழற்றி வைப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். கழற்ற வேண்டியது இடி முழங்கத் தொடங்கு முன்னர், முழங்கும்போது அல்ல.

மூன்றாம்மாடி:
குழுவில் அனுமதி கிடைத்தது. பாஸ் நாளைக்கு வருகிறார். எந்தப் பக்கம் திருப்பச் சொல்ல வேண்டும்?

பழையதிருத்துநர்:
குட்டிக் கம்பிப் பக்கம் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். உங்களுக்குத் தரைப் பக்கம். பக்கத்து வீடுகளின் அன்ரெனா எப்படி நிற்கிறது, கம்பிகள் படுக்கையாகவா நிமிர்ந்தா என்றும் பாருங்கள். எல்லா அலைவரிசையும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை, ஆகவே ஒன்றுக்கு உச்சமான திசை மற்றதுக்கு உச்சமாக இராது.

இங்கேதான் எல்லோரும் சறுக்குவது. பாஸ் படம் பளிச்சென்று வரும் இடத்தைத் தேடுவார். நீங்கள் நிழல் குறையும் இடத்தைத் தேடச் சொல்லுங்கள். இந்த வகை அன்ரெனா இருபது பாகை விலகினாலும் முன்பக்கத்தில் கொஞ்சம்தான் இழக்கும். ஆனால் பின்னாலும் பக்கத்திலும் அதற்குச் சில குருட்டுத் திசைகள் உண்டு, அவை கூர்மையானவை. கண்ணாடிக் கட்டடம் அந்தக் குருட்டுத் திசையில் விழும்வரை மெதுவாகத் திருப்புங்கள். புள்ளி ஒரு துளி கூடினாலும் நிழல் இல்லாத படம் கண்ணுக்கு எவ்வளவோ மேல். திருப்பியும் போகாவிட்டால் குழாயில் ஓரடி கீழே இறக்கிப் பாருங்கள், அல்லது பக்கவாட்டில் நகர்த்துங்கள். யூஎச்எப்பில் ஓரடி என்பது ஏறக்குறைய அரை அலை, நிறைய மாறும்.

அந்தக் காலத்தில் கூரையிலிருந்து “வந்ததா? வந்ததா?” என்று தெருவே கேட்கக் கத்துவோம். இப்போது வாட்ஸ்அப்பில் ரீவியைக் காட்டினால் போதும். ஆனால் படம் அரைச் செக்கனோ ஒரு செக்கனோ பிந்தி வரும், திருப்பிவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலாம்குறுக்கு:
யூஎச்எப்புக்கு மட்டும் நிழல் என்றால், பின்னால் ஓரங்குலக் கண் உள்ள கம்பி வலையைத் தடுப்பாகக் கட்டலாம். கண் அலை நீளத்தின் பத்தில் ஒன்றுக்குள் இருந்தால் அலைக்கு அது சுவர்தான். விஎச்எப்புக்கு அந்த வலை ஒரு மீற்றருக்கு மேல் அகலமாக வேண்டும். கடற்காற்றில் குழாயோடு பறக்கும், அந்த வேலைக்குப் போக வேண்டாம்.

மூன்றாம்மாடி:
வேலை முடிந்தது ஐயா. பலூனின் ஒரு கால் அறுந்துதான் இருந்தது. பலூன், வயர், இணைப்பி, நாடா எல்லாம் புதிது. புள்ளி போன இடம் தெரியவில்லை, பூஸ்டர் இல்லாமலே. நிழலுக்குப் பாஸ் முதலில் சண்டை. “பளிச்சென்று இருக்குத்தானே, ஏன் திருப்பச் சொல்றீங்க” என்றார். தெற்குப் பக்கமாக இன்னும் கொஞ்சம் திருப்பியதும் நிழல் மங்கி, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. அப்பா எழுத்து வாசிக்க முடிகிறது என்கிறார், அது போதும்.

ஆனால் இரண்டு புதுக் கேள்வி. ஒரு அலைவரிசையில் இரவில் மட்டும் குறுக்கே புள்ளிக் கோடு இரண்டு ஓடுகிறது. மற்றது, அன்ரெனா வேலை செய்வது தெரிந்ததும் இரண்டாம் மாடி அன்ரி தங்களுக்கும் அதிலிருந்து ஒரு வயர் இழுத்துத் தரக் கேட்கிறா. கொடுக்கலாமா?

ஜிந்துப்பிட்டிக்காரன்:
இரவில் மட்டும் என்றால் எல்ஈடி பல்ப். எங்களுக்கும் இருந்தது. ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எது அணையும்போது கோடு போகிறதோ அதுதான். எங்கள் வீட்டில் குசினி பல்ப்.

மூன்றாம்மாடி:
படிக்கட்டு பல்ப்! நம்பவே முடியவில்லை.

பழையதிருத்துநர்:
அன்ரிக்குத் தாராளமாகக் கொடுங்கள். இரண்டு வழிப் பிரிப்பான் 3.5 டெசிபெல் எடுக்கும், உங்கள் படம் தாங்கும். வயரை வெட்டி முறுக்கிச் சேர்க்க விடாதீர்கள், அதிலிருந்து புது நிழல் தொடங்கும். பிரிப்பானை மழை படாத இடத்தில், படிக்கட்டு மேல் தட்டில் பூட்டுங்கள். நான்காம் மாடியும் ஐந்தாம் மாடியும் கேட்டு வருவார்கள். அப்போது ஜிந்துப்பிட்டித் தம்பி சொன்ன பூஸ்டரை வாங்கலாம், குழாயிலேயே பூட்டும் வகை.

ஜிந்துப்பிட்டிக்காரன்:
நான் முதலிலேயே சொன்னேனே!